அரை வீச்சு

கோல்ஃப் மட்டையை நான் முதன்முதலாகக் கையில் பிடித்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வயதில் ஒருவன் புதிதாக ஒன்றைத் தொடங்குவதென்றால் ஆசை இருக்க வேண்டும், அல்லது தட்ட முடியாத ஆள் யாராவது கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டவர் எங்கள் மேலதிகாரியான அத்தியட்சகர்.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் எழுத்தர்களுக்கு மேலான பிரதம லிகிதராக இருந்தேன். ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் விடுதி, மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த அத்தியட்சகருக்கு எங்கள் ஊரில் பிடித்த ஒரே விஷயம், உள்துறைமுகத்தின் மறுகரையில் வெள்ளைக்காரர் விட்டுப்போன ஒன்பது குழிக் கோல்ஃப் மைதானம். ஞாயிறு காலையில் அங்கே விளையாடுவதற்கு அவருக்கு நாலு பேர் வேண்டும். அவர், ஒரு டாக்குத்தர், ஒரு எஞ்சினியர் என்று மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோப்பு ஒன்றில் கையெழுத்து வைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், நீர் விளையாடுவீரா என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். பழகிக்கொள்வீர் என்றார். அத்துடன் அந்தக் கதை முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி குசினிக்குள் இருந்து வெளியே வரவேயில்லை.

"ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது எட்டு மணிமட்டும் கிடந்து நித்திரை கொள்ளுங்கோவன் எண்டு நான் சொல்லுறன். நீங்கள் வெய்யிலுக்குள்ள பந்தடிக்கப் போறன் எண்டுறீங்கள்."

"நானே போறன் எண்டனான்? கேட்டார், ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஏலாது எண்டுதான் சொல்லுறது."

அவள் சொன்னது சரி. ஆனால் அந்த ஆண்டுகளில் ஏலாது என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. என்னிடம் அது இல்லை. அரசாங்க ஊழியருக்கான சிங்கள மொழிச் சோதனையில் இரண்டு தரம் தவறியிருந்தேன். அதில் சித்தியடையாமல் அடுத்த பதவி கிடையாது. சித்தியடைந்தாலும் அத்தியட்சகரின் சிபாரிசு வேண்டும். பகலெல்லாம் கப்பல் பத்திரங்கள், பின்னேரம் சோதனைப் புத்தகம், இடையில் மனைவிக்கு மூச்சிழுக்கும் தொய்வு வருத்தம். வாழ்க்கை முழுவதும் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் குனிவதாகவே இருந்தது.

அத்தியட்சகர் ஒரு புத்தகம் தந்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் மட்டையைத் தூக்கிச் சுழற்றி முடிப்பதுவரை பதினொரு படங்கள். சிங்கள எழுத்துகளைப் பார்த்து எழுதிய அதே மேசையில் இந்தப் படங்களையும் பார்த்துப் படித்தேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு படமாகச் செய்து பார்ப்பேன். ஏழாவது படத்தில் இடுப்பு திரும்ப வேண்டும், தோள் பின்தங்க வேண்டும். என் தோள் எப்போதும் முந்திக்கொண்டது. ஒருநாள் குடை மேலே போய் மின்குமிழை உடைத்தது. பிள்ளைகள் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். நான் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.

மைதானத்தில் நிலைமை இன்னும் மோசம். நான் அடித்தால் பந்து நேராகப் புறப்படும், கொஞ்சத் தூரம் நம்பிக்கை தரும், பிறகு மனம் மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து புதர்ப் பற்றைக்குள் போய்விடும். எத்தனை தரம் அடித்தாலும் அதே வலப்பக்கம். அந்தக் காலத்தில் பிறநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் வராது. பந்து ஒன்று காணாமற்போனால் நாலு பேரும் குனிந்து தேட வேண்டும். டாக்குத்தர் பொறுமையாகத் தேடுவார். எஞ்சினியர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தேடுவார். அத்தியட்சகர் தேடமாட்டார், அடுத்த குழிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். முட்கீறலும் வியர்வையுமாக நான் பற்றைக்குள்ளிருந்து வெளியே வரும்போது மூன்று பேரும் அடுத்த குழிக்கு நடக்கத் தொடங்கியிருப்பார்கள். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்படியிருந்தும் ஏன் விடவில்லை என்று கேட்டால், அத்தியட்சகருக்குப் பயம் என்பது முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் சரியான பதில். ஒரு ஞாயிறு, நாலாவது குழியில், என்ன செய்தேன் என்று தெரியாமல் நான் அடித்த ஒரு பந்து நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. கையில் அடித்த உணர்வே இல்லை. அந்த ஒரு பந்துக்காக அடுத்த ஒன்றரை வருடம் போனேன். அது திரும்பி வரவில்லை.

மறுகரைக்கு எங்களைக் கொண்டுபோவது கந்தோரின் லோஞ்ச், எஞ்சின் பூட்டிய படகு. அதை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, கந்தோரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் கதைக்காதவர். எங்களை இறக்கிவிட்டு, நாங்கள் விளையாடி முடிக்கும்வரை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமர நிழலில் இருப்பார். முதற்குழிக்கு அடிக்கும் இடம் அந்த மரத்துக்கு நேரெதிரே.

ஒருநாள் திரும்பி வரும்போது மற்ற மூவரும் முன்பக்கத்தில் இருந்தார்கள். நான் களைத்துப்போய்ப் பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தேன். எஞ்சின் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்:

"ஐயா, ஒண்டு சொன்னா கோவிக்கமாட்டீங்களே?"

"சொல்லுங்கோ நானா."

"நீங்க பந்த அடிக்கிறதில்ல. பந்தோட சண்டை பிடிக்கிறீங்க. மட்டைய மேல கொண்டுபோகக்குள்ளயே பல்லைக் கடிக்கிறீங்க. மரத்தடியில இருந்து பாக்கவே எனக்குத் தெரியுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதை அவர் என் முகத்தில் கண்டிருக்க வேண்டும்.

"பன்னெண்டு வருஷம் வெள்ளைக்கார நேவிக்காரன்ட மட்டைப் பை தூக்கினனான் ஐயா. இருவது வயசில சேந்து, அவன் கொடிய இறக்கிப்போட்டுப் போகுமட்டும். எத்தினை பேர்ட வீச்சப் பாத்திருப்பன்!"

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. கிண்ணியாவுக்குப் போகும் கடைசி வள்ளம் ஆறு மணிக்கு. கந்தோர் நாலரைக்கு முடியும். இடையில் கிடைத்த நேரத்தில், வாரத்தில் இரண்டு நாள், பழைய களஞ்சியங்களுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்துக்குப் போவோம். மைதானத்துப் பற்றைகளுக்குள் எப்போதோ தொலைந்து மஞ்சளாகிப்போன பந்துகளை அவர் பொறுக்கி வைத்திருந்தார். அவற்றை ஒரு பனையோலைப் பெட்டியில் கொண்டு வருவார்.

முதல் நாளே என் மட்டையை இடுப்பளவில் பிடித்து நிறுத்தினார்.

"இதுக்கு மேல தூக்காதீங்க."

"இது அரைவாசிதானே நானா? படத்தில தலைக்கு மேலால போகுதே."

"படத்தில நிக்கிறவன் காலமை எழும்பி வேற ஒரு வேலையும் செய்யாதவன் ஐயா. உங்கட முதுகு நாள் முழுக்கக் கதிரையில இருந்த முதுகு. அது எவ்வளவு திரும்புமோ அவ்வளவுக்குத் தூக்கினாக் காணும்."

அடித்தேன். பந்து தாழப் பறந்து கொஞ்சத் தூரத்தில் விழுந்தது. ஆனால் நேரே விழுந்தது.

"நூறு யார்டுகூடப் போகேல்ல" என்றேன்.

"நேராப் போன நூறு யார்ட்" என்றார்.

அதை நம்புவதற்கு எனக்கு மாதங்கள் பிடித்தன. இரண்டு நாள் அரை வீச்சு வீசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அத்தியட்சகரின் பந்து வானத்தில் போவதைப் பார்த்ததும் என் கை தானாகத் தலைக்கு மேலே போய்விடும். பந்து பற்றைக்குள் போகும். வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் வெட்கப்படக் கூடாதென்று.

ஒரு பின்னேரம் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. மட்டையை அவரிடம் நீட்டி, நீங்கள் அடியுங்கோ நானா, நான் பாக்கிறன் என்றேன். வேண்டாம் ஐயா என்றார். வற்புறுத்தினேன். சுற்றவர ஒருமுறை பார்த்தார். களஞ்சியப் பக்கம் யாருமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். மட்டையை வாங்கி இரண்டு கையாலும் மெல்லப் பிடித்தார், ஏதோ நனைந்த துணியைப் பிழியாமல் பிடித்திருப்பதுபோல.

அவர் அடித்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமாக இருந்தது. சத்தம் மட்டும் வேறு. நான் அடிக்கும்போது ஒருபோதும் வராத, சின்ன, சுத்தமான ஒரு சத்தம். பந்து களஞ்சியக் கூரைக்கு மேலால் ஏறிக் கடற்பக்கம் மறைந்தது.

"எப்ப நானா பழகினீங்க?"

"துரைமார் இல்லாத நேரம் தடி வெட்டி அடிச்சுப் பாப்பம். அவங்கட மட்டையத் தொட்டு அடிச்சது கண்டா வேலை போயிடும்." மட்டையைத் திருப்பித் தந்துவிட்டுச் செருப்பைப் போட்டார். "ஒரு பந்து போயிட்டுது ஐயா. அத அடிச்சிருக்கக் கூடாது."

எனக்கு முதலில் வந்தது பொறாமை. இரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற எனக்கு இல்லாதது, மரத்தடியில் இருந்த மனிதருக்கு இருந்தது. பொறாமை அடங்கியபின் ஒரு யோசனை வந்தது. மைதானத்தை நடத்திய கிளப்பின் வருடாந்தப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. இவரை அதில் விளையாட விடவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அவரிடமும் சொல்லிவிட்டேன். அத்தியட்சகரிடம் கேட்கிறேன் என்றேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது மற்ற நாட்களை விடக் கூடக் கதைத்தார்.

அத்தியட்சகரிடம் கேட்டேன், மற்ற இருவரும் இருக்கும்போது. அவர் கெட்ட மனிதர் அல்ல. சிரித்துக்கொண்டே, அங்கத்தவராக இருக்க வேண்டுமே, அதற்குப் பதவித் தரம் இருக்கிறதே என்றார். பிறகு, அவனும் விளையாடினால் எங்களை யார் திருப்பிக் கொண்டுபோவது என்றார். எஞ்சினியர் சிரித்தார். டாக்குத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். கடிதம் எழுதுவதுதானே என் தொழில். கிளப்பின் விதிகளை வாங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் மூன்றாம் தரமாகச் சோதனைக்கு இருந்தேன். வீட்டில் மனைவிக்குத் தொய்வு. ஒரு பகையைத் தேடிக்கொண்டு அதைக் காவித் திரிவதற்கு எனக்குச் சக்தி இருக்கவில்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

நானாவிடம் விதியில் இடமில்லையாம் என்றேன்.

"அது தெரிஞ்ச விசயந்தானே ஐயா" என்றார். கொஞ்ச நேரம் பந்துகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க கேக்காம விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன்."

போட்டியன்று தென்மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று. நிலம் வெடித்துக் கிடந்தது, புல் இருந்த இடத்தில் புழுதி. குழிகளைச் சுற்றிப் புல் பிடிக்காததால் மணலில் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றி இறுக்கியிருந்தார்கள். அந்த எண்ணெய் வெய்யிலில் மணத்தது. பதினாலு பேர் விளையாடினார்கள். நானா என் பையைத் தூக்கினார். அன்றைக்கு லோஞ்சை வேறொருவர் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உயர அடித்தவர்களின் பந்துகளையெல்லாம் காற்றுக் கொண்டுபோனது. அத்தியட்சகரின் பந்து ஒன்று மைதானத்தை விட்டே போய்விட்டது. நான் அரை வீச்சுத்தான் வீசினேன். என் பந்து காற்றுக்குக் கீழால், ஆடு நிற்கும் உயரத்தில், நேராகப் போய் விழுந்து உருண்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தூரந்தான். ஏழாவது குழிக்குப் பிறகுதான், எல்லோரிலும் குறைந்த தரம் அடித்து நான் முன்னுக்கு நிற்பது தெரியவந்தது. கடைசிக் குழியில், ஒருமுறை முழுதாக வீசிப் பார்ப்போமா என்றொரு எண்ணம் வந்து மட்டையை மாற்றக் கேட்டேன். அவர் தரவில்லை.

"களைச்சுப்போனீங்களே ஐயா?"

"ஓம் நானா. நல்லாக் களைச்சுப்போனன்."

"அப்ப களைச்ச கையாலயே அடிங்க. அதுக்குச் சண்டை பிடிக்க ஏலாது."

அடித்தேன். போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அங்கத்தவர் அறைக்கு முன்னால் நிழலில் வைத்து அத்தியட்சகர் கிண்ணத்தைத் தந்தார். வெள்ளி பூசிய சின்னக் கிண்ணம். கைதட்டினார்கள். யாரிடம் இந்த வீச்சைப் பழகினீர் ஐசே என்று அத்தியட்சகர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நானா என் பையைத் தோளில் போட்டபடி வெய்யிலில் நின்றார், பத்து அடி தூரத்தில். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் தந்த புத்தகத்தில் இருந்து சேர் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் அல்ல. மேலதிகாரி கேட்டால் வாயில் வரும் பதில். இருபது வருடக் கந்தோர்ப் பழக்கம். அத்தியட்சகர் மகிழ்ந்து என் முதுகில் தட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது நானா மட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் களஞ்சியப் பக்கம் வரவில்லை. எஞ்சின் திருத்த வேலை இருக்கு ஐயா என்பார். இன்னொரு நாள் பிள்ளைக்குச் சுகமில்லை என்பார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலையில் கிண்ணத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, கிண்ணியாத் துறையில் ஆற்றைக் கடக்கும் பாதை என்ற மிதவையில் ஏறிப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வேலியோரம் வலை காயப்போட்டிருந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய் உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்தார். தேத்தண்ணி வந்தது.

"நானா, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"எது ஐயா?"

"புத்தகம் எண்டது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நேவித் துரைமாரும் அப்பிடித்தான் ஐயா. நாங்க மெதுவாச் சொல்லுவம், இந்த மட்டைய எடுங்க, இடப்பக்கம் அடிங்க எண்டு. கேட்டு அடிப்பாங்க. வெண்டுபோட்டு அங்க கிளப்புக்குள்ள போய்த் தங்கட மூளை எண்டு சொல்லுவாங்க. எனக்கு அது பழகின காரியம்." கண்ணாடித் தம்ளரை நிலத்தில் வைத்தார். "ஆனா உங்களட்ட நான் காசுக்கு வரேல்ல."

கிண்ணத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. கொண்டுபோங்க ஐயா, பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார். துறைவரை கூட வந்து என்னை ஏற்றிவிட்டார். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தேன்.

மறுநாள் அத்தியட்சகரின் அறைக்குப் போய், எனக்குப் பழக்கியவர் லோஞ்ச் நானாதான் சேர் என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, தெரியும், எனக்குக் கண் இருக்கிறதே என்றார். அடுத்த கோப்பைக் கேட்டார். அவ்வளவுதான். அதைச் சொல்ல நான் மூன்று வாரம் நித்திரை கெட்டிருந்தேன்.

நானாவிடம் சொன்னேன், அத்தியட்சகரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று. தலையை ஆட்டினார். சில மாதம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல, பனையோலைப் பெட்டியுடன் ஒரு பின்னேரம் வந்து நின்றார்.

நாலாம் தரம் சோதனையில் சித்தியடைந்தேன். பதவி உடனே வரவில்லை. அத்தியட்சகர் மாற்றலாகிப் போனார், டாக்குத்தரும் போனார். எழுபதுகள் முடியும் காலத்தில் அந்த மைதானத்துக்கு ஆட்களே இல்லை. மாடுகள் மேய்ந்தன. நானும் எஞ்சினியரும், புதிதாக வந்த ஒரு வங்கி அதிகாரியும் மட்டும் மிஞ்சினோம். நாலாவது ஆள் வேண்டும். எஞ்சினியர்தான் சொன்னார், உங்கட நானாவைக் கேட்டுப் பாருங்கோ என்று. பதவித் தரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. விதியை யாரும் மாற்றவில்லை. அதை ஞாபகம் வைத்திருக்க ஆள் இருக்கவில்லை.

அவர் வந்தார். அப்போது ஐம்பத்து மூன்று நாலு வயதிருக்கும். வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும் போட்டு, வெறுங்காலோடு விளையாடினார். முதல் ஞாயிறு எங்கள் மூவரையும் விட எட்டுத் தரம் குறைவாக அடித்து ஒன்பது குழியையும் முடித்தார். எஞ்சினியர் வாயைப் பிளந்தார். கைதட்ட வேறு யாரும் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நாலாம் ஞாயிறு, ஐந்தாவது குழிக்கு நடக்கும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெய்யில்தான் ஐயா. தூக்கிக்கொண்டு நடந்தா என்ன, அடிச்சுக்கொண்டு நடந்தா என்ன, வெய்யில் ஒண்டுதான்."

"விருப்பமில்லையே நானா?"

"விருப்பம் இருந்திச்சு. நல்லா இருந்திச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை கொஞ்சம் படுத்தா நல்லம் போல கிடக்கு."

அன்று ஒன்பது குழியையும் முடிக்காமலே இறங்குதுறைக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் போகவில்லை. நாங்கள் பேசி வைத்துச் செய்ததல்ல. அவர் வராமல் நின்ற வாரமே என் தோளும் போதும் என்றது.

அடுத்த ஞாயிறு நான் கண் விழித்தபோது வெய்யில் யன்னலுக்குள் வந்திருந்தது. எட்டரை மணி. மனைவி கட்டிலோரம் நின்று, காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.